மலையில் ஓடும் காருக்குக் கூலன்ட் மாற்றும் வேளையை அறிவது எப்படி: நீலகிரி வாகன உரிமையாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூரிலோ கோத்தகிரியிலோ உதகையிலோ சொந்தக் கார் வைத்திருப்பவரிடம், இஞ்சினின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட்டை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், "போன சர்வீஸில் பார்த்திருப்பார்கள்" என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். பார்த்திருக்கவும் கூடும். ஆனால் தொட்டியில் மட்டம் பார்ப்பது வேறு, உள்ளே இருக்கும் திரவம் இன்னும் தன் வேலையைச் செய்கிறதா என்று சோதிப்பது வேறு. இங்கே எழுதியிருப்பது இரண்டாவதைப் பற்றி.

படிகளின் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் நேரே நிறத்தைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவதையும், கூலன்ட் மாற்றிய பிறகே ரேடியேட்டர் மூடி பழுது என்று கண்டுபிடிப்பதையும் பலமுறை கண்டதால்தான் இந்த வரிசை உருவாயிற்று.

1. வயதையும் வகையையும் எழுதி வையுங்கள்

பானட்டைத் திறப்பதற்கு முன் வண்டியின் கையேட்டைத் திறக்க வேண்டும். கூலன்ட் என்பது எதிலீன் கிளைக்காலும், தாது நீக்கிய தண்ணீரும், துருத் தடுப்பு வேதிப்பொருள்களும் சேர்ந்த கலவை. இவற்றுள் கிளைக்கால் எளிதில் கெடுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லத் தீர்ந்துபோவது துருத் தடுப்பான்களே. ஆகவே மாற்றும் கெடு எவ்வளவு என்பது எந்த வகைத் தடுப்பான் சேர்க்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

பழைய கனிம வகைக் கூலன்ட்டுக்கு 2 ஆண்டுகள் அல்லது 40,000 கி.மீ. என்பது வழக்கமான கெடு. கரிம அமில வகைக்கு 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ சொல்லப்படுகிறது. சில நிறுவனங்களின் கையேடுகள் தொழிற்சாலையில் நிரப்பிய முதல் கூலன்ட்டுக்கு நீண்ட கெடுவையும், அதன் பின் நிரப்பப்படுவதற்கு மிகக் குறுகிய கெடுவையும் கொடுக்கின்றன. முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, இரண்டாம் முறையும் அதே நீண்ட கெடு உண்டு என்று நம்பிவிடுபவர்கள் பலர்.

கையேட்டில் "எது முன்னதோ அது" என்று இருப்பதை மலைவாசிகள் இருமுறை படிக்க வேண்டும். பள்ளிக்கூடம், சந்தை, மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையம் என்று ஓடும் கார் ஆண்டுக்கு 5,000 கி.மீ. தாண்டாது. அந்தக் கணக்கில் 40,000 கி.மீ. ஆக 8 ஆண்டுகள் ஆகும். மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்பதற்காகத் தடுப்பான்கள் காத்திருப்பதில்லை.

பழைய காராக வாங்கியிருந்து, முந்தைய உரிமையாளரிடம் கூலன்ட் பற்றிய பதிவு எதுவும் இல்லை என்றால், கெடு முடிந்ததாகவே கொண்டு 11ஆம் படிக்குப் போய்விடலாம். ஆயினும் இடையிலுள்ள சோதனைகளைச் செய்தால் ரேடியேட்டரின் உள்நிலை தெரியும் என்பதால், நான் அவற்றையும் செய்துவிட்டே மாற்றுவேன்.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

கூலன்ட்டில் கிளைக்கால் எவ்வளவு என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் ஒளிவிலகல்மானி, பி.எச். (அமிலத்தன்மை, காரத்தன்மையின் அளவு) காட்டும் சோதனைத் தாள், மெல்லிய குழாய் பொருத்திய சிரிஞ்சு, நிறமற்ற கண்ணாடிப் புட்டி, டார்ச், ரப்பர் கையுறை, அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் ஆகியவை போதும். ஒளிவிலகல்மானிக்குப் பதிலாக மிதவைக் குண்டுகள் உள்ள மலிவான ஹைட்ரோமீட்டரையும் பயன்படுத்தலாம். ஆனால் அது திரவத்தின் வெப்பநிலைக்கு ஏற்ப மாறிக் காட்டும். விடியற்காலையில் 5 டிகிரியும் பிற்பகலில் 20 டிகிரியும் இருக்கும் ஊரில் அதைக் கொண்டு முடிவெடுப்பது சிரமம். நல்ல ஒளிவிலகல்மானிகள் வெப்பநிலையைத் தாமே சரிசெய்துகொள்ளும்.

டிஸ்டில்டு வாட்டர் வாங்கும்போது ஒரு கவனம் தேவை. "பேட்டரி தண்ணி" என்று கேட்டு, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பேட்டரி ஆசிட் புட்டியோடு ஒருவர் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். லேபிளைப் படித்த பிறகே பணம் கொடுங்கள். சாலையோரத் தண்ணீர் ஏ.டி.எம்.மில் பிடிப்பது குடிக்க ஏற்ற சுத்தமான தண்ணீர். அது தாது நீக்கிய தண்ணீர் ஆகிவிடாது.

3. இஞ்சின் ஆறிய காலையில், சமதரையில்

இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பார்ப்பதே சரி. மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியே ஏறி வந்து, குன்னூரில் தேநீர் குடிக்கும் நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகிப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உள்ளே 100 டிகிரிக்கு மேல் சூடேறியும் அழுத்தத்தால் கொதிக்காமல் இருக்கும் திரவம், மூடி தளர்ந்த கணத்தில் ஆவியாகப் பீறிட்டு முகத்திலும் கையிலும் அடிக்கும். ரேடியேட்டரின் மேலுள்ள ரப்பர் குழாயை, அதாவது மேல் ஹோஸை, கையால் பிடித்துப் பாருங்கள்; குளிர்ந்திருந்து, அமுக்கினால் இறுக்கம் இல்லாமல் இருந்தால் மட்டுமே மூடியைத் தொடலாம்.

சமதரை என்பது நம் ஊரில் கொஞ்சம் தேட வேண்டிய பொருள். வீட்டு வாசல் சரிவில் முகம் மேல்நோக்கி நிற்கும் காரில், தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப மட்டம் கூடியோ குறைந்தோ தெரியும். பெட்ரோல் பங்க்கின் தளமோ, ஊர் மைதானமோ எதுவாயினும் சரி. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பார்ப்பது முக்கியம். முந்தைய இரவே அங்கே நிறுத்த முடியாவிட்டால், காலையில் உருட்டிக்கொண்டு போகும் தூரத்துக்கு மட்டும் ஓட்டிச் சென்று, சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.

4. மட்டம்: ஒரு நாள் பார்த்தால் போதாது

ரிசர்வ் தொட்டியில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே இருந்தால் சரி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் திரவம் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்குவது என்பதால், கோயம்புத்தூர் வெயிலில் மேல்கோட்டில் நின்ற கூலன்ட், மார்கழி மாத உதகையின் காலையில் ஒரு விரற்கடை இறங்கித் தெரியும். இதைக் கசிவு என்று எண்ணித் தண்ணீர் ஊற்றுவதுதான் மலையில் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

எனவே தொட்டியின் வெளிப்புறம் மட்டத்துக்கு நேரே மார்க்கரால் கோடிட்டு, தேதியை நோட்டில் குறித்து, இரண்டு வாரங்கள் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் பாருங்கள். கோட்டிலிருந்து இறங்கிக்கொண்டே போனால் அது கசிவு. கூலன்ட் மாற்றுவது அதற்குத் தீர்வு ஆகாது. ஹோஸ் கிளிப்புகள், வாட்டர் பம்ப்பின் அடிப்பகுதி, ரேடியேட்டரின் ஓரங்கள் ஆகிய இடங்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தது போன்ற கறை இருக்கிறதா என்று தேட வேண்டும். கசிவை அடைக்காமல் புதிய கூலன்ட் நிரப்பினால், சில மாதங்களில் அதுவும் சாலையில்தான் போய்ச் சேரும்.

5. கூலன்ட்டுக்கு முன் மூடியைச் சோதியுங்கள்

இந்தப் படியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். ஒரு கோடையில் கல்லட்டி ஏற்றத்தில் என் கார் இருமுறை கொதித்தது. இருமுறையும் கூலன்ட் பழையது என்று முடிவு செய்து மாற்றினேன். மூன்றாம் முறை கொதித்த பிறகே, சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருப்பதைக் கண்டேன்.

மலையில் மூடிக்கு இருக்கும் பொறுப்பு சமவெளியில் இருப்பதைவிடப் பெரியது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறும் பருப்பும் இங்கே குக்கர் இல்லாமல் வேகத் தாமதிப்பதும் இதனால்தான். கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறப்பதோ 82 முதல் 88 டிகிரிக்குள். ரேடியேட்டரின் மின்விசிறி சுழலத் தொடங்குவது பல வண்டிகளில் 95 டிகிரிக்கு மேல். ஆக, மூடி அழுத்தத்தைப் பிடிக்காத ஒரு காரில் வெறும் தண்ணீர் இருந்தால், விசிறி ஓட வேண்டிய சூடு வருவதற்கு முன்பே தண்ணீர் கொதித்துவிடும்.

நல்ல மூடி வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 0.9 அல்லது 1.1 பார் (அழுத்தத்தின் அலகு) வரை பிடித்து வைக்கும். 0.9 பார் மூடியுடன் உதகையில் வெறும் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 114 டிகிரிக்கு உயரும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட்டுக்கு இன்னும் ஆறேழு டிகிரி கூடும். அந்த மூடியே கடல் மட்டத்தில் இதைவிட நான்கு டிகிரியளவு கூடுதலாகக் காக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே குறைவாதலால், எந்த மூடியைப் போட்டாலும் மொத்த அழுத்தமும் குறைந்தே இருக்கும். அதற்காகக் கையேட்டில் சொன்னதைவிடக் கூடுதல் பார் கொண்ட மூடியை வாங்கிப் போடாதீர்கள். ஹோஸும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பக்கங்களும் அதைத் தாங்கும் வகையில் செய்யப்படவில்லை.

மூடியைக் கழற்றியதும் ரப்பர் வளையத்தில் வெடிப்போ தட்டையான தடமோ இருக்கிறதா என்று பாருங்கள். நடுவிலுள்ள சிறிய வால்வை நகத்தால் இழுத்தால் அது திறந்து, விட்டதும் தானே மூட வேண்டும். இரவு ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் உறிஞ்சப்பட்டதுபோல் சப்பையாகி நின்றால், இந்தச் சிறு வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பட்டறையில் கைப்பம்ப் பொருத்திய அழுத்தச் சோதனைக் கருவி இருந்தால் ஐந்து நிமிடத்தில் உறுதியாகிவிடும்.

சில கார்களில் ரேடியேட்டருக்குத் தனி மூடியே இருக்காது. தடித்த பிளாஸ்டிக் தொட்டியின் மேலுள்ள மூடியே அழுத்த மூடியாக இருக்கும். அந்த வகையில் தொட்டியையும் சூடாக இருக்கும்போது திறக்கக் கூடாது.

6. மாதிரி எடுப்பதும் நிறம் பார்ப்பதும்

மாதிரியை ரேடியேட்டரிலிருந்தே எடுக்க வேண்டும். ரிசர்வ் தொட்டியிலிருந்து எடுக்கக் கூடாது. தொட்டியிலுள்ள திரவம் இஞ்சினுக்குள் முழுமையாகச் சுற்றி வருவதில்லை. என்னிடம் பழகிய இளைஞர் ஒருவர் மாதந்தோறும் தொட்டியில் புதிய கூலன்ட்டை ஊற்றி, அதே தொட்டியில் சோதித்து, எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவந்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது உள்ளே மழைக்காலத்துச் செம்மண் ஓடைபோல் இருந்தது. அழுத்தத் தொட்டி மட்டுமே உள்ள வண்டிகளில் கூலன்ட் அதன் வழியாகவே சுற்றுவதால், அவற்றில் தொட்டியிலிருந்து எடுக்கலாம்.

சிரிஞ்சால் 50 மி.லி. எடுத்து நிறமற்ற புட்டியில் ஊற்றி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு அதை மறுநாள் வரை அசையாமல் வையுங்கள். அடியில் பழுப்புப் பொடி படிந்தால் இரும்புப் பகுதி துருப்பிடிக்கிறது. வெள்ளையாகவோ சாம்பலாகவோ கூழ் போல் திரண்டால், தடுப்பான்கள் பிரிந்து படிகின்றன, அல்லது ஒத்துப்போகாத இரு வகைகள் கலக்கப்பட்டிருக்கின்றன. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போக வேண்டும். ஹெட் கேஸ்கட்டோ (இஞ்சினின் மேல்பாகத்துக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) ஆயில் கூலரோ பழுதாகியிருக்கலாம். அப்போது கூலன்ட்டின் வயது இரண்டாம் பட்சமாகிவிடும்.

நிறம் எதைச் சொல்லாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பச்சை, நீலம், சிவப்பு, இளஞ்சிவப்பு ஆகியவை தயாரிப்பாளர் சேர்க்கும் சாயங்கள் மட்டுமே. எந்த நிறம் எந்த வகைக்கு என்று எல்லோரும் பின்பற்றும் பொது விதி கிடையாது. பச்சையோடு பச்சையைக் கலந்தால் பொருந்தும் என்பது தவறான நம்பிக்கை. அந்தச் சாயம் பாதிக்குமேல் தண்ணீர் கலந்த பின்பும் பளிச்சென்றே தெரியும் என்பதால், "பச்சையாகத்தானே இருக்கிறது" என்பது எந்தக் கேள்விக்கும் விடையாகாது.

கூலன்ட்டை நாவில் வைத்து ருசி பார்ப்பது உயிருக்கே ஆபத்தானது. கிளைக்கால் இனிக்கும், அதோடு சிறுநீரகத்தையும் அழிக்கும்.

7. செறிவு: உறைபனிக்காக அல்ல

ஒளிவிலகல்மானியின் கண்ணாடியில் முதலில் ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டரை விட்டு, கோடு சுழியில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். பிறகு துடைத்துவிட்டு ஒரு சொட்டு மாதிரியை விட்டு, எதிலீன் கிளைக்காலுக்குரிய அளவுகோலைப் படியுங்கள். பக்கத்தில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் அளவுகோலைப் படித்துக் குழம்புபவர்கள் உண்டு. பாதிக்குப் பாதி கலவை என்றால் உறைநிலை சுமார் மைனஸ் 37 டிகிரி என்று காட்டும்.

இந்த எண்ணைக் கண்டதும், "ஊட்டியில் பூஜ்யத்துக்குக் கீழே ஓரிரு டிகிரிதானே போகிறது, இவ்வளவு எதற்கு?" என்ற கேள்வி எழும். கேள்வி நியாயமானது. தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் காலைகளில்கூட உறைபனி சில மணி நேரமே நீடிக்கிறது. அதைத் தடுப்பதற்கு இவ்வளவு செறிவு தேவையில்லை. நமக்குச் செறிவு வேண்டியிருப்பது இரண்டு காரணங்களுக்காக: கொதிநிலையை உயர்த்துவதற்கும், அதைவிட முக்கியமாக, துருத் தடுப்பான்கள் போதிய அளவில் இருப்பதற்கும். தடுப்பான்கள் கிளைக்காலோடு சேர்ந்தே வருகின்றன. எனவே கிளைக்கால் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் தடுப்பான்களும் நீர்த்துவிட்டன என்று கொள்ள வேண்டும். என் வண்டியில் அளவு 40 விழுக்காட்டுக்குக் கீழே போனதும் மாற்றத் திட்டமிடுவேன். 33க்குக் கீழே என்றால் தள்ளிப்போடுவதில்லை.

செறிவு எப்படி இறங்குகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். 5 லிட்டர் கொள்ளும் அமைப்பில் பாதிக்குப் பாதி கலவை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கால் லிட்டர் கசிந்து, அந்த இடத்தை வெறும் தண்ணீரால் நிரப்புகிறீர்கள். பத்தாவது முறை முடியும்போது 50 விழுக்காடு 30 ஆகிவிடுகிறது. வண்டி ஒருநாளும் தண்ணீர் இல்லாமல் ஓடியதில்லை, ஆனாலும் கூலன்ட் போய்விட்டது. தொட்டி காலியாகாமல் பார்த்துக்கொண்டதே பெரிய காரியம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டினால்தான் புரிகிறது.

இதற்கு எதிர்த்திசையில் செய்யும் தவறும் உண்டு. தண்ணீரே கலக்காமல் கெட்டியான கூலன்ட்டை அப்படியே ஊற்றினால் பாதுகாப்பு கூடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். தனி எதிலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். தண்ணீரைவிடக் குறைவாகவே சூட்டைக் கடத்தும். ஏற்றத்தில் வேகமாகச் சூடேறுவதற்கு இதுவே காரணமாகிவிடும்.

அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி ஊற்றுத் தண்ணீரைப் பற்றியது. மலை ஊற்றுத் தண்ணீர் சமவெளி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் போல் பொதுவாக உப்புக் கரிப்பதில்லை, சோப்பும் நன்றாக நுரைக்கும்; ஆகவே அதை ஊற்றினால் ரேடியேட்டரில் சுண்ணாம்பு படிவது குறைவு என்பது உண்மை. ஆனால் அதில் துருத் தடுப்பான் எதுவும் இல்லை. வழியில் வேறு வகையின்றி ஊற்ற நேர்ந்தால் ஊற்றுங்கள். எவ்வளவு ஊற்றினோம் என்பதை நோட்டில் குறித்து, வீடு திரும்பியதும் இந்தப் படிக்கு வாருங்கள்.

8. பி.எச். தாள்

செறிவு சரியாக இருந்தும் தடுப்பான்கள் தீர்ந்திருக்கக்கூடும். ஒளிவிலகல்மானி கிளைக்காலின் அளவை மட்டுமே காட்டும். எட்டாண்டுப் பழைய கூலன்ட்டும் அதில் புத்தம் புதிது போல் தேறிவிடும். அதனால்தான் இந்தப் படி தனியாக இருக்கிறது.

புதிய கூலன்ட் காரத்தன்மை உடையது. நாளடைவில் கிளைக்கால் சிதைந்து அமிலங்கள் உண்டாக, தடுப்பான்கள் அவற்றைச் சமன்செய்து தீர்ந்துபோகின்றன. தாளை மாதிரியில் நனைத்து, பொட்டலத்தில் சொல்லியிருக்கும் விநாடிகள் கழித்து நிறத்தை ஒப்பிடுங்கள். பி.எச். 7க்குக் கீழே இருந்தால் கூலன்ட் அமிலமாகிவிட்டது. கெடு மீதமிருந்தாலும் மாற்ற வேண்டும். 7க்கு மேல் இருக்கும்போது, வகைக்கு வகை தொடக்க அளவு வேறுபடுவதால், புதிதாக நிரப்பிய அன்று எடுத்த அளவோடு ஒப்பிடுவதே நல்லது. அந்த முதல் அளவை யாரும் எடுத்து வைப்பதில்லை என்பதுதான் தொல்லை. அடுத்த முறையாவது எடுத்து நோட்டில் எழுதுங்கள். கூலன்ட்டின் சாயம் தாளின் நிறத்தோடு கலந்து குழப்பும் என்பதால், கூலன்ட்டுக்கென்றே விற்கும் தாளை வாங்குவது மேல்.

மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கூலன்ட்டில் நனைத்து வோல்ட் பார்க்கும் முறையும் பழக்கத்தில் இருக்கிறது. எர்த் வயர் தளர்ந்திருந்தாலும் அது தவறாகக் காட்டுவதால், அதை மட்டும் நம்பி நான் முடிவெடுப்பதில்லை.

9. ஓட்டும்போது தெரியும் அடையாளங்கள், அவற்றில் மலைக்கே உரிய ஏமாற்றுகள்

சமவெளியில் ஹீட்டரை யாரும் தொடுவதில்லை. நமக்கு அது ஒரு சோதனைக் கருவி. இஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்த பின் ஹீட்டரை அதிக அளவில் வையுங்கள். வண்டி நிற்கும்போது வெதுவெதுப்பாகவும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் சூடாகவும் காற்று வந்தால், கூலன்ட் குறைந்திருக்கலாம், அல்லது உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம். எப்போதும் வெதுவெதுப்பாகவே வந்தால், ஹீட்டரின் மெல்லிய குழாய்களில் சேறு படிந்திருக்கக்கூடும். வெப்பமானியின் முள்ளும் வழக்கத்துக்குக் கீழே நின்றால், தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருப்பதாகக் கொள்ளலாம். இறக்கத்தில், இரண்டாம் கியரில் இறங்கும்போது இஞ்சின் எரிபொருள் குடிக்காமல் குளிர்ந்துகொண்டே வரும். அப்போது ஹீட்டரும் தணியும். ஆகவே இச்சோதனையை இறக்கத்தில் செய்யாதீர்கள்.

மூடுபனியில் முன்கண்ணாடியின் உட்புறம் வெளுப்பது இயல்பு. துடைத்தால் பிசுபிசுப்பாக இழுபட்டு, வண்டிக்குள் இனிப்பு வாசனையும் வந்தால், ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கசிகிறது.

குளிர்காலக் காலையில் சைலன்ஸரிலிருந்து வரும் வெண்புகை பலரைப் பயமுறுத்துகிறது. சில நிமிடங்களில் மறைந்தால் அது வெறும் நீராவி. இஞ்சின் நன்றாகச் சூடான பின்பும் அடர்த்தியாக, இனிப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. இதேபோல் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் நுரை போன்ற படிவு தெரிவதைக் கண்டு, ஹெட் கேஸ்கட் போய்விட்டதென்று வண்டியை விற்கும் அளவுக்குப் போனவரை அறிவேன். இரண்டு கி.மீ. தூரத்துக் கடைக்குப் போய்த் திரும்பும் வண்டிகளில், இஞ்சின் போதிய அளவு சூடேறாததால், உள்ளிருக்கும் ஈரம் மூடியில் ஒட்டி இப்படி ஆகும். ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதிலுள்ள ஆயிலும் வெளுத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வெப்பமானி முள் நடுவில் நிற்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். பல கார்களில் கணிசமான வெப்பநிலை வீச்சுக்கு முள் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் மேலேறத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். அப்படி ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் திறந்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குங்கள்.

10. முடிவெடுத்தல்

கெடு முடிந்துவிட்டது என்றால், மற்றச் சோதனைகள் அனைத்தும் தேறினாலும் மாற்றிவிடுங்கள். கெடு மீதமிருந்து, பி.எச். 7க்குக் கீழே இருந்தாலோ, மாதிரியில் பழுப்புப் படிவோ கூழோ இருந்தாலோ மாற்ற வேண்டும். இவ்விரண்டு நிலைகளிலும் முன்னதாகச் சுத்தத் தண்ணீரால் அலசவும் வேண்டும். செறிவு மட்டும் குறைந்து, நிறமும் பி.எச்.சும் நன்றாக இருந்து, வயதும் ஓராண்டு இரண்டாண்டு என்றால், முழுதும் மாற்றாமல் ஒரு பகுதியை வடித்துவிட்டு அதே வகைக் கெட்டிக் கூலன்ட்டை ஊற்றிச் சமன்செய்யலாம். என்ன வகை ஊற்றப்பட்டது என்று தெரியாவிட்டால் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

சந்தேகமாக இருக்கும் கூலன்ட்டை மழைக்காலம் முடியும் வரை தள்ளிவைக்கலாமா என்று கேட்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலா வண்டிகளின் நெரிசலில், முதல் கியரில் ஊர்ந்து ஏற வேண்டியிருக்கும்போதுதான் குளிரூட்டும் அமைப்புக்கு உண்மையான சோதனை வருகிறது. மார்ச் மாதத்துக்குள் முடித்துவிடுவது என் வழக்கம்.

11. மாற்றக் கொடுக்கும்போது கேட்க வேண்டியவை

ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தால் எல்லாம் வடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். இஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் கணிசமான அளவு தங்கிவிடும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. 5 லிட்டர் அமைப்பைத் தண்ணீரால் அலசி வடித்த பின், 2 லிட்டர் தண்ணீர் உள்ளேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 3 லிட்டருக்கு, ஏற்கெனவே பாதித் தண்ணீர் கலந்து விற்கும் கூலன்ட்டை ஊற்றினால், உண்மையான கூலன்ட் ஒன்றரை லிட்டர் மட்டுமே, அதாவது 30 விழுக்காடு. புதிதாக மாற்றிய அன்றே செறிவு போதாமல் போகிறது. மாறாக, கெட்டிக் கூலன்ட்டை முதலில் இரண்டரை லிட்டர் ஊற்றி, மீதி அரை லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் பாதிக்குப் பாதி வந்துவிடும். கடைசி அலசலையும் டிஸ்டில்டு வாட்டரால் செய்யச் சொல்லுங்கள்.

எத்தனை லிட்டர் வடிந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிரப்பும்போது ஊற்றும் வாய் எல்லாவற்றிலும் உயரத்தில் இருக்குமாறு வண்டியைச் சரிவில் நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வைத்தால் காற்று எளிதில் வெளியேறும்; மட்டம் பார்ப்பதற்குத் தொல்லையாக இருந்த வீட்டுச் சரிவு இதற்கு உதவும். நிரப்பிய பின் முதல் இரண்டு மூன்று நாட்கள் மட்டம் இறங்குவது இயல்பு. அதுவரை மலை இறங்கும் பயணம் வேண்டாம். ஒரு வாரம் கழித்து, ஆறிய இஞ்சினில் செறிவையும் பி.எச்.சையும் அளந்து, வகை, தேதி, கி.மீ. ஆகியவற்றோடு நோட்டில் குறியுங்கள்.

12. வடித்த கூலன்ட்

மூடியுள்ள கேனில் பிடித்து, பட்டறையில் கழிவு ஆயிலைப் போலவே கூலன்ட்டையும் தனியாகச் சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். வீட்டு ஓடையில் ஊற்றினால் அது அடுத்த வளைவில் தேயிலைத் தோட்டத்துக்கோ, யாரோ குடிக்கும் ஊற்றுக்கோதான் போகும். இனிப்பாக இருப்பதால் நாய்களும் மாடுகளும் நக்கும். சிறு குட்டையளவு தேங்கினாலே நாய்க்கு உயிர் போகும். தரையில் சிந்தியதை மண் தூவி உறிஞ்சவிட்டு, அந்த மண்ணை அள்ளி எடுத்த பிறகு தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.